சுங்கை சிப்புட்டிலிருந்து கடலுக்கு: பஸ்ஸா, ரயிலா, காடியா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்தவர்கள், மாற்றலாகி வந்த ஆசிரியரோ, கல்யாணம் முடித்து வந்த மருமகளோ, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பியோ, கொஞ்ச நாளில் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "இங்கேயிருந்து பீச்சுக்கு எப்படிங்க போறது?" ஊரைச் சுற்றி ரப்பரும் செம்பனையும் சுண்ணாம்புக் குன்றுகளும்தான். பிள்ளைகள் கடல் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கிளம்பத்தான் வேண்டும்.

ஆளுக்கொரு பதில் வரும். காடி, அதாவது கார், வைத்திருப்பவர் "லுமுட்டுக்கு விடுங்க, ரெண்டு மணி நேரம்" என்பார். பஸ்ஸிலேயே காலம் தள்ளிய தோட்டத்துப் பாட்டி "பங்கோருக்குப் போய்யா, அம்மனையும் கும்பிட்டு வரலாம்" என்பார். ரயில் பிடிக்கும் பையன் பினாங்கு என்பான். மூவர் சொல்வதும் சரிதான், ஏனென்றால் மூவரும் சொல்வது மூன்று வெவ்வேறு கடற்கரைகள். சிக்கல் எங்கே வருகிறது என்றால், பாட்டி சொன்ன இடத்துக்குப் பையன் சொன்ன ரயிலில் போகப் பார்க்கும்போது.

அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் ஒரே முறையில்தான் சொல்வேன். கையில் என்ன வண்டி இருக்கிறது, கூட யார் வருகிறார்கள் என்று பாருங்கள். கடற்கரையை அதற்கு அப்புறம் முடிவு செய்யலாம். ரயில் என்றால் பினாங்கின் பத்து பெரிங்கி. பஸ் என்றால் பங்கோர் தீவு, அதுவும் ஓர் இரவு தங்குவதாக இருந்தால். காடி என்றால் லுமுட் பக்கத்துத் தெலுக் பாத்தேக்.

முதலில், வீட்டு வாசலிலிருந்து பட்டணம் வரை

பட்டணத்திலேயே குடியிருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். லிந்தாங் சாலைப் பக்கம் தோட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு இதுதான் பயணத்தின் பாதிக் கவலை. விடியற்காலையில் பஸ்ஸை நம்ப முடியாது. செயலியில் கிரேப் வாடகைக் காடி அழைத்தால் அந்த நேரத்தில் தோட்டத்துக்குள் வர ஓட்டுநர் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். முதல் நாள் மாலையே பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொல்லி வைப்பதுதான் நிச்சயமான வழி. பெட்ரோல் காசு கொடுத்தால் வாங்க மாட்டார். திரும்பும்போது பிள்ளைகளுக்கு என்று ஏதாவது வாங்கி வந்து கொடுத்துவிடுங்கள்.

மோட்டார் சைக்கிளில் ஸ்டேஷன் வரை வந்து பூட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஒரு நாள் பயணத்துக்குப் பரவாயில்லை. இரவு தங்கப் போகிறீர்கள் என்றால் பட்டணத்தில் தெரிந்தவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போங்கள்.

போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம் முக்கியம். இரவு பட்டணத்தில் இறங்கி, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு எப்படிப் போவது என்று யோசிப்பதைவிட, யார் வந்து ஏற்றிக்கொள்வார் என்று காலையிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது.

ரயில்: பத்து பெரிங்கிக்கு

மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான், மறைப்பானேன். சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் இடிஎஸ் என்ற மின்ரயில் நிற்கும். 2015-இல் பாடாங் பெசார் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து வடக்கே போவது சுலபமாகிவிட்டது. பட்டர்வொர்த்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வயதானவர்களுக்குக் கழிவறை உள்ள வண்டி, வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு வளைவு இல்லாத பாதை. இந்த இரண்டு காரணமே போதும்.

டிக்கெட் எடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். எல்லா இடிஎஸ் வண்டியும் இங்கே நிற்பதில்லை. விரைவு வண்டிகள் சில நம் ஊரைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். ஆகவே ரயில் நிறுவனமான கேடிஎம்மின் செயலியில் ஈப்போவிலிருந்து தேடாமல், புறப்படும் இடம் சுங்கை சிப்புட் என்று போட்டே தேடுங்கள். அடுத்து, இந்த வண்டியில் நின்றுகொண்டு போக முடியாது, இருக்கை எண்ணோடுதான் டிக்கெட். பள்ளி விடுமுறையிலும் பெருநாள் வாரங்களிலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். போகும் டிக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, வருவதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டையும் ஒன்றாக எடுத்துவிடுங்கள். மூன்றாவது, ஒவ்வொருவருடைய அடையாள எண்ணும் கேட்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பாஸ்போர்ட் எண்ணைப் போட வேண்டும். அறுபது வயது தாண்டியவர்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் சலுகை உண்டு, கேட்டு வாங்குங்கள்.

ஏறியதும் பிள்ளைகளை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். கோல கங்சார் வருவதற்கு முன்னால், காராய் என்ற இடத்தில் ரயில் பேராக் ஆற்றைக் கடக்கும். பக்கத்திலேயே செங்கல் தூண்களின் மேல் பழைய விக்டோரியா பாலம் தெரியும். 1900-இல் திறந்த பாலம்; இப்போது அதில் ரயில் போவதில்லை, நடந்து போகிறவர்களும் படம் எடுப்பவர்களும்தான். அதற்கப்புறம் சுரங்கப்பாதை. தைப்பிங் தாண்டியதும் புக்கிட் மேரா ஏரியின் மேலேயே ரயில் ஓடும். இரண்டு பக்கமும் தண்ணீர். கடலுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே பிள்ளைகளுக்குப் பாதி ஆசை தீர்ந்துவிடும்.

பட்டர்வொர்த் ஸ்டேஷனில் இறங்கினால் டாக்சி தேட வேண்டியதில்லை. மேல்பாலத்தின் வழியாக நடந்தால் பினாங்கு சென்ட்ரல், அங்கிருந்து பெர்ரி. வழிகாட்டிப் பலகைகள் தெளிவாக இருக்கும். 2023 முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. அவற்றில் ஆட்களும் மோட்டாரும் சைக்கிளும் போகலாம், காடிக்கு இடமில்லை. அக்கரையில் ஜெட்டி பஸ் நிலையத்திலிருந்து ரேபிட் பினாங்கு 101-ஆம் எண் பஸ் தஞ்சோங் தோகோங், தஞ்சோங் பூங்கா வழியாக பத்து பெரிங்கிக்குப் போகும். கடலோரச் சாலை குறுகல், நெரிசல் அதிகம். ஒரு மணி நேரம் பிடிக்கலாம், சனிக்கிழமை என்றால் இன்னும் கூட. சில்லறை கையில் இருக்கட்டும். பெரிய நோட்டை நீட்டினால் மீதி கிடைக்காது.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா ஜெட்டியிலிருந்து நடந்து போகும் தூரம்தான். காலையில் அங்கே பசியாறிவிட்டு பஸ் ஏறுவது, திரும்பும்போது வாழை இலையில் சாப்பிடுவதைவிட நல்லது என்பது என் கட்சி. மாலையில் பசியோடு உட்கார்ந்தால் ரயில் நேரம் மறந்துவிடும். பத்து பெரிங்கியிலிருந்து கிளம்பும்போது ரயில் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே பஸ் ஏறிவிடுங்கள். அதிகமாகத் தோன்றலாம், ஆனால் அந்தச் சாலையில் ஒரு விபத்து நடந்தால் போதும்.

ரயிலில் லுமுட்டுக்குப் போகலாமா?

போக முடியாது. லுமுட்டுக்கு ரயில் பாதையே கிடையாது. இந்த நாட்டின் முதல் ரயில் பாதை 1885-இல் இதே பேராக்கில், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குப் போட்டது. கடலுக்குத்தான் போனது, ஆனால் வெள்ளீயத்தை ஏற்ற, நம்மைக் குளிக்க வைக்க இல்லை. அதுவும் இப்போது இல்லை.

"ஈப்போ வரை ரயில், அங்கிருந்து பஸ்" என்று யாராவது சொன்னால் இதைக் கேளுங்கள். ஈப்போ ரயில் நிலையம் நகரத்தின் நடுவில் இருக்கிறது. லுமுட் பஸ் கிளம்பும் அமான்ஜெயா நிலையம் மேரு ராயாவில், நகரத்துக்கு வடக்கே, அதாவது நம் ஊர்ப் பக்கமாகவே இருக்கிறது. ரயிலில் போனால் பஸ் நிலையத்தைத் தாண்டிப் போய் இறங்கி, மறுபடியும் பத்து கிலோமீட்டருக்கு மேல் திரும்பி வர வேண்டும். 1917-இல் கட்டி முடித்த அந்த வெள்ளை ரயில் நிலையம் பார்க்க அழகுதான். அதைப் பார்க்க வேண்டுமானால் வேறொரு நாள் போங்கள்.

பஸ்: பங்கோர் தீவுக்கு

பஸ்ஸில் போய் அதே நாளில் பங்கோரிலிருந்து திரும்புவது என்பது பஸ்ஸில் உட்கார்ந்து வருவதற்காக மட்டும் போவது. கணக்கைப் பாருங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ, அமான்ஜெயாவில் காத்திருப்பு, அங்கிருந்து லுமுட் இரண்டு மணி நேரம் போல, அப்புறம் படகு. காலை ஏழுக்குக் கிளம்பினால் தீவில் கால் வைக்க மதியம் ஆகிவிடும். ஓர் இரவு தங்கினால்தான் காசுக்குப் பலன்.

செய்ய வேண்டியது இது. கோல கங்சாருக்கும் ஈப்போவுக்கும் ஓடும் சாதாரண பஸ் நம் பட்டணம் வழியாகப் போகும்; அது ஈப்போ மெடான் கிட் நிலையத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து அமான்ஜெயாவுக்கு டவுன் பஸ் உண்டு. நான்கு பேர் என்றால் இந்தச் சுற்றே வேண்டாம்: சுங்கை சிப்புட்டிலிருந்து நேராக அமான்ஜெயாவுக்கு கிரேப் போட்டுவிடுங்கள். ஆளுக்குச் சில வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாகும், ஒரு மணி நேரம் மிச்சம்.

லுமுட்டில் கடற்படைத் தளம் இருக்கிறது. வழியில் செரி இஸ்கண்டாரில் பல்கலைக்கழகங்கள். அதனால் வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் அந்தப் பாதையில் இருக்கை கிடைப்பது சிரமம். சனிக்கிழமை காலையில் போய் ஞாயிறு மதியத்துக்குள் திரும்பிவிடுவது வசதி. லுமுட்டில் இறங்கியதும் முதல் வேலை, படகுத்துறைக்கு ஓடுவதற்கு முன், கவுண்டரில் திரும்பும் பஸ்ஸைக் கேட்டுக்கொள்வது. மலாய் இன்னும் பழகாதவர்கள் "பஸ் தெராகிர் கே ஈப்போ, புக்கூல் பெராப்பா?" என்று கேட்டால் போதும், கடைசி பஸ் நேரத்தை எழுதியே காட்டுவார்கள்.

பஸ் நிலையத்திலிருந்து படகுத்துறை நடை தூரம். படகு போய்வரும் டிக்கெட்டாகவே கொடுப்பார்கள். அந்தச் சீட்டை நனையாமல் வையுங்கள், திரும்பும்போது கேட்பார்கள். பயணம் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள்: படகு முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும். பாதிப்பேர் எழுந்து இறங்குவதைப் பார்த்து நாமும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடத் தோன்றும். உட்காருங்கள். கடற்கரைக்குப் போகிறவர்கள் அடுத்த நிறுத்தமான பங்கோர் பட்டணத்தில் இறங்க வேண்டும்.

படகுத்துறைகள் தீவின் கிழக்கே, குளிக்கத் தக்க மணல் மேற்கே. நடுவில் குன்று. இளஞ்சிவப்பு நிற வேன்கள் டாக்சியாக ஓடும், வேறு நிறத்தில் தேடாதீர்கள். பாசிர் போகாக் கிட்டே இருக்கிறது, தெலுக் நிப்பா இன்னும் தள்ளி. பெரிய கூட்டமாகச் சமைத்துச் சாப்பிடப் போகிறவர்களுக்குப் பாசிர் போகாக், தண்ணீரில் விளையாடப் போகிறவர்களுக்குத் தெலுக் நிப்பா என்பேன். மாலையில் தெலுக் நிப்பாவில் இருவாச்சிப் பறவைகள் கூட்டமாக வந்து உட்காரும். கையிலிருந்தே பழத்தை எடுத்துக்கொள்ளும். அந்த அலகைக் கிட்டத்தில் பார்க்கும்போது சின்னப் பிள்ளைகள் கொஞ்சம் மிரளுவார்கள்.

பாட்டி சொன்ன அம்மன், கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பத்திரகாளியம்மன். மாசி மகத்துக்குப் பேராக் முழுவதிலிருந்தும் மட்டுமில்லை, சிலாங்கூரிலிருந்தும் கூட்டம் வரும். அந்த நாட்களில் படகு ஏற வரிசையில் நிற்க வேண்டும், அறை கிடைக்காது. கடற்கரைக்காக மட்டும் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அம்மனுக்காகப் போகிறவர்கள் தனியாகப் போகவே வேண்டாம்: கோயில் நிர்வாகமோ இளைஞர் மன்றமோ யாராவது பஸ் வாடகைக்கு எடுப்பார்கள். தைப்பூசம் முடிந்ததுமே கோயிலில் விசாரித்துப் பெயரைக் கொடுத்துவிடுங்கள். வாசலிலிருந்து படகுத்துறை வரை ஒரே வண்டி, சாப்பாடும் சேர்த்து. புதிதாக வந்தவர்களுக்கு ஊர்க்காரர்களோடு பழகவும் இதைவிட நல்ல வழி கிடையாது.

காடி: தெலுக் பாத்தேக்குக்கு

குழந்தை, ஐஸ் பெட்டி, பெரிய சட்டி நிறையக் கோழிக்கறி, பீஹூன், பாய், மாற்றுத்துணி, இவ்வளவும் இருந்தால் யோசிக்க வேண்டாம், காடிதான். தெலுக் பாத்தேக் லுமுட்டிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். வளைகுடா மாதிரி உள்வாங்கிய மணல், அலை சாது, மர நிழல் உண்டு. பஸ்ஸில் வருகிறவர்களுக்கு லுமுட்டிலிருந்து இந்தக் கடைசித் துண்டுதான் தொல்லை. காடிக்காரர்களுக்கு அது பத்து நிமிடம்.

வழி: செமோர், ஈப்போ, மெங்லெம்பு, லாஹாட், பூசிங், சிப்பூத்தே, செரி இஸ்கண்டார், போத்தா, ஆயர் தாவார், சித்தியவான், லுமுட். ஈப்போ–லுமுட் சாலையில் டோல் கிடையாது. மொத்தம் ஒரு வழிக்கு 115 கிலோமீட்டர் போல வரும், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். செரி இஸ்கண்டாரிலும் சித்தியவானிலும் சிக்னல் விளக்குகள் பொறுமையைச் சோதிக்கும். செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் வலப்பக்கம் எட்டிப் பார்த்து அவசரப்படாதீர்கள். போத்தாவில் பேராக் ஆற்றைத் தாண்டுவீர்கள். போத்தா கானானில் ஆற்று ஆமைகளை வளர்த்துப் பாதுகாக்கும் நிலையம் இருக்கிறது. நேரம் இருந்தால் பிள்ளைகளை இறக்கிக் காட்டலாம்.

கோல கங்சார் போய் மானோங், புருவாஸ் வழியாகவும் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். பகலில் அமைதியான கம்பத்துப் (கிராமத்து) பாதை. இரவில் திரும்பும்போது அந்தப் பக்கம் போக வேண்டாம். விளக்கு குறைவு, மாடு குறுக்கே நிற்கும்.

செலவைப் போட்டுப் பார்த்துவிடலாம். போக வர 230 கிலோமீட்டர். மைவி மாதிரி சின்னக் காடி 15 லிட்டர் போலக் குடிக்கும். 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 என்ற பெட்ரோல் மானியம் எல்லாருக்கும் தொடங்கியபோது மைகாட் அடையாள அட்டை உள்ள குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி. அந்த விலைக்கு 30 வெள்ளி. ஐந்து பேர் என்றால் ஆளுக்கு ஆறு வெள்ளி. எந்த பஸ்ஸும் இதற்குக் கிட்டே வர முடியாது. ஒருவர் மட்டும், அல்லது கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் இந்தக் கணக்கு அவ்வளவு பலன் தராது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு அந்தச் சலுகை விலை இல்லை, அதனால் காடி யாருடையது, எண்ணெய் யார் போடுவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு லைசென்சை மட்டும் நம்பி ஸ்டியரிங்கில் உட்காராதீர்கள். இங்கே செல்லுமா என்று ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) விசாரித்துவிட்டு அப்புறம் ஓட்டுங்கள்.

காடியில் வந்து பங்கோருக்கும் போக ஆசை என்றால், பயணிகள் படகில் காடி ஏறாது. லுமுட்டிலேயே காசு கட்டி நிறுத்திவிட்டுப் போக வேண்டும். சீட்டில் போட்ட நேரத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

எந்த வண்டியில் போனாலும்

மலாக்கா நீரிணையில் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலைப் பக்கம் சுமத்ராவிலிருந்து புயல்காற்று திடீரென்று அடிக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும், ஆனால் படகில் இருக்கும்போது வந்தால் வயிறு கலங்கும். காலையில் மேற்கே கருப்பாகத் தெரிந்தால் ஒரு படகைத் தவறவிட்டு ஒரு தே தாரிக் குடியுங்கள்.

கடல் ஏற்ற வற்ற நேரத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளுங்கள். வற்றிய நேரத்தில் போனால் தண்ணீருக்கு நெடுந்தூரம் சேற்றில் நடக்க வேண்டியிருக்கும். ஜெல்லி மீன் இந்தப் பக்கம் எல்லாக் கடற்கரையிலும் வரும். சில வகை ஆளைக் கொல்லக்கூடியது. ஒரு சின்னப் போத்தல் வினிகர் கொண்டு போங்கள். கொட்டினால் தேய்க்காமல் வினிகரை ஊற்றிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும், மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு உட்காராதீர்கள். குரங்குகள் பிளாஸ்டிக் பையைப் பார்த்தால் உணவு என்றே நினைக்கும்; சாப்பாட்டைத் துணிப்பையிலோ மூடி போட்ட வாளியிலோ வையுங்கள்.

லுமுட் பக்கம் போய்த் திரும்புகிறவர்கள் சித்தியவானில் ஒருமுறை நிறுத்தலாம். 1903-இல் சீனாவிலிருந்து வந்து குடியேறிய பூச்சோவ் மக்களின் ஊர் அது. அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடும் கம்பியாங் என்ற கெட்டி ரொட்டி அங்கே பெயர் போனது. சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும், ஆறினால் பல்லுக்கு வேலை. வாங்கும் முன் உள்ளே இறைச்சி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பன்றி இறைச்சி வைத்ததும் விற்பார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சைவம் என்றால் வெறும் ரொட்டியாகக் கேட்டு, உள்ளே என்ன கொழுப்புப் போட்டிருக்கிறது என்பதையும் விசாரித்து வாங்குங்கள்.